மாஜேர்ஹாட் பாலமும் மூன்றாவது கியரும்

பெஹாலா, கொல்கத்தா
பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் திரு. முத்துகிருஷ்ணன் அவர்களுக்கு, வைத்தீஸ்வரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தாங்களும் அக்காவும் பேத்தியும் தேக சௌக்கியத்தோடு இருக்க வைத்தியநாத சுவாமியை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதத்தான் கை போயிற்று. இவ்விடம் இருப்பவன் நான் ஒருவனே என்பதால் 'யாவரும்' என்பதை அடிக்க வேண்டியதாயிற்று. மை தீற்றலுக்கு மன்னிக்கவும். நான் நலம்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்றுதான். என் காரின் ஆட்டோமேட்டிக் கியர் சரியாக மாறவில்லை. தாங்கள் பஸ் பணிமனையில் முப்பத்தாறு வருடம் டீசல் வண்டிகளோடு குடும்பம் நடத்தியவர். ஆகவே தங்கள் ஆலோசனையைக் கோருகிறேன். போனில் கேட்கலாமே என்பீர்கள். தாங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, டீப்பாய் மேல் வைத்துவிட்டு, எட்டடி தள்ளி உட்கார்ந்து பேசுபவர். தாங்கள் பேசுவது எனக்குக் கேட்காது. நான் பேசுவது வீடு முழுக்கக் கேட்கும். தங்கள் தங்கை வசுமதியின் காதிலும் விழும். அவள் காதில் விழக்கூடாதது இதில் எதுவும் இல்லை. இருந்தாலும், ஐந்து மாதமாக அண்ணன் வீட்டில் ஓய்வெடுக்கிறவளிடம் கியர்பாக்ஸைப் பற்றிச் சொல்லி எதற்குத் தொந்தரவு செய்வது? அதனால்தான் கடிதம்.

வண்டியைத் தங்களுக்குத் தெரியும். நான்கு வருடத்துக்கு முன், மாற்றலாகிப் போன ஓர் அதிகாரியிடம் வாங்கியது. அப்போதே அதற்கு ஒன்பது வயது. வாங்கிய அன்று தாங்கள், "ஆட்டோமேட்டிக்கா? கை கால் நல்லா இருக்கிறவனுக்கு அது எதுக்கு மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். எனக்குக் கை நன்றாகத்தான் இருக்கிறது. இடது கால்தான், சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலையின்போது வேகன் படியிலிருந்து விழுந்த நாளிலிருந்து, கிளட்ச் மிதிக்கச் சம்மதிப்பதில்லை. வசுமதிக்கு வலது முழங்கால். லேக் மார்க்கெட்டுக்கு மினிபஸ்ஸில் ஏறி இறங்க முடியவில்லை என்று அவள் ஒரு நாள், ஒரே ஒரு நாள்தான், சொன்னாள். "நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு நல்ல கால் இருக்கு, அதுக்குத் தகுந்த மாதிரி ஒரு வண்டி வாங்கிடுவோம்" என்றேன். அவள் அதற்கு வெகுநேரம் சிரித்தாள். அடுத்த மாதமே வாங்கிவிட்டேன். மகன் விவேக் பெங்களூரிலிருந்து, "எதுக்குப்பா, ஆப்ல கூப்பிட்டா வண்டி வீட்டுக்கே வருமே" என்றான். வண்டி வரும்தான். சனிக்கிழமை வராதே.

சனிக்கிழமை என்றால் எங்களுக்கு லேக் மார்க்கெட். பத்து மணிக்குக் கிளம்புவோம். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், காப்பித்தூள், வாழையிலை. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ரெண்டரை மணி நேரம் ஆக்குவா. கடைக்காரர்கிட்ட மயிலாடுதுறைச் செய்தி கேப்பா, அவர் கும்பகோணம்னாலும் விடமாட்டா. அப்புறம் ரெண்டு பேரும் இட்லி சாப்பிட்டுட்டுத் திரும்புவோம். வண்டியில இடது பக்கம் உட்கார்ந்துக்கிட்டு, சிகப்பு விளக்கு விழறதுக்கு முன்னாலயே காலை அழுத்தி பிரேக் போடுவா, அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாதுன்னு நாலு வருஷமாச் சொல்லியும். கியர் மாறுறதே தெரியாது மச்சான், அவ்வளவு மிருதுவாப் போகும்.

(எழுத்து நடை கொஞ்சம் நழுவிவிட்டது. மன்னிக்கவும். திருத்தி எழுத வேறு தாள் இல்லை.)

கோளாறு ஆரம்பமானது துர்கா பூஜைக்கு முன் பெய்த மழையில். எங்கள் தெருவில் முட்டிக்கு மேல் தண்ணீர். வண்டி ரெண்டு நாள் தண்ணீரிலேயே நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சாவியைப் போட்டதும் நல்ல பிள்ளையாகக் கிளம்பிவிட்டது. ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது ஒரு தயக்கம். என்ஜின் மட்டும் 'ஊம்' என்று ஏறும், வண்டி யோசிக்கும், யோசித்து முடித்ததும் பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி ஒரு குலுக்கல். வசுமதி, "எதையோ இடிச்சிட்டீங்க" என்பாள். "இடிக்கல, கியர் மாறுது" என்பேன். "இவ்வளவு நாள் இடிக்காமத்தானே மாறிச்சு" என்பாள். பிறகு சில நாட்களில் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், வண்டி மூன்றாவது கியரிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒன்றுக்கும் இறங்காது, நாலுக்கும் ஏறாது. தீபாவளிக்குப் பிறகு வந்த சனிக்கிழமை, லேக் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, அப்படித்தான் மாஜேர்ஹாட் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. பிறகு கிளம்பியது. வசுமதி ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தாள். இது பற்றி வேறு விவரம் இப்போது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் தங்கள் பேத்தியின் காதுகுத்துக்கு வசுமதி கிளம்பினாள். பத்து நாள் என்றுதான் சொன்னாள். பத்து நாளுக்கு எதுக்கு மச்சான் பதினாலு புடவை? ஹௌரா ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கி வைத்தபோது அதன் கனம் எனக்குப் புரிந்திருக்க வேண்டும். முப்பத்தி நாலு வருஷம் சரக்கு வண்டியைப் பார்த்தவன், ஒரு பெட்டியின் எடையைப் புரிந்துகொள்ளவில்லை. காதுகுத்து முடிந்தது. பிறகு திருச்சி வைத்தியர் முழங்காலுக்கு எண்ணெய் கொடுத்திருக்கிறார், ஒரு மண்டலம் தேய்க்க வேண்டும் என்றாள். பிறகு பொங்கல். பிறகு அக்காவுக்குக் கண் ஆபரேஷன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன் பண்ணுவா. சாப்பாடு ஆச்சா, மாத்திரை போட்டாச்சா, கேஸை மூடியாச்சா. மூணுக்கும் நான் ஆச்சு, ஆச்சு, ஆச்சும்பேன். "எப்ப வர்றே?"ன்னு கேட்டா, "பாக்கலாம்"பா. நாற்பத்தி ஒரு வருஷமா அவ 'பாக்கலாம்'னு சொன்ன எதையும் பார்த்ததில்ல. இது எதனாலன்னு யோசிச்சேன். வண்டிதான் காரணம்னு முடிவு பண்ணிட்டேன். குலுக்கற வண்டியில எந்த முழங்கால்காரி ஏறுவா? வண்டி சரியானா அவ வந்துடுவா. இது கணக்கு மாதிரி தெளிவா இருந்துச்சு எனக்கு.

முதலில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்புக்குப் போனேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, காப்பி. கழுத்தில் டை கட்டின பையன் ஒருவன் வண்டியில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துவிட்டு, மாரடைப்பு வந்தவர் வீட்டாரிடம் பேசுகிற குரலில், "ஸார், முழு கியர்பாக்ஸும் போச்சு" என்றான். எதனால் என்று கேட்டேன். "ஏஜ் ஸார்" என்றான். என்னைப் பார்த்தே சொன்னான். புதுசு போட அவன் சொன்ன தொகை நான் வண்டி வாங்கின விலைக்கு மேல். கியர்பாக்ஸில் எண்ணெய் பார்த்தாயா என்றேன். அது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய் என்றான். யார் ஆயுசுக்கு என்று அவன் சொல்லவில்லை.

சரி, எண்ணெயை நாமே பார்ப்போம் என்று இறங்கினேன். என்ஜினுக்கு இருக்கிற மாதிரி அளவுக் குச்சி இதற்குக் கிடையாது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அடியில் ஒரு திருகைக் கழற்றினால் எண்ணெய் மெல்லிசாக வழிய வேண்டும், அதுதான் அளவு. இவ்வளவும் போனில் ஒரு இந்திக்காரர் வீடியோ போட்டுச் சொன்னார். நாலு சக்கரத்துக்கும் கீழே செங்கல் கொடுத்து உயர்த்தி, ஆனந்த மயமான ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பெங்காலிப் பேப்பரை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டேன். திருகு வரவில்லை. மூச்சுப் பிடித்து இழுத்ததில் முதுகும் பிடித்துக்கொண்டது. வெளியே வரவும் முடியவில்லை, கத்தவும் தெம்பில்லை. என்ஜின் சத்தம் வேறு. அந்த நேரம் பார்த்து மூன்றாம் மாடி மிஸஸ் பாதுரி மீன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். என்ஜின் ஓடுகிறது, ஓட்டுகிறவர் இல்லை, வண்டிக்கு அடியில் ரெண்டு கால் மட்டும் தெரிகிறது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் தெருக்கோடி கிளப்பில் கேரம் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். நாலு பேர் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். நான் வெளியே வந்து கண்ணைத் திறந்து, "தேல் தேக்சிலாம்" என்றேன், எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று. மிஸஸ் பாதுரி அழுதுவிட்டார். "பௌதி இருந்தால் இதெல்லாம் விடுவாளா? அவள் எப்போது வருகிறாள்?" என்று பெங்காலியில் கேட்டார். பௌதி என்றால் அண்ணி, வசுமதியைத்தான் சொன்னார். சுற்றி நின்ற கிளப்காரர்களும் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. நான், "வண்டி சரியானதும்" என்றேன்.

அடுத்ததாகப் பக்கத்துத் தெரு மெக்கானிக். அவன் பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புதுசு ஊற்றினான். இறக்கின அளவுக்கு ஊற்றவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் காலையில் ரிவர்ஸ் போட்டால் வண்டி நகரவே இல்லை. முன்னால் போகும், பின்னால் வராது. இந்த வயதில் எனக்கும் அப்படித்தான் என்று தேற்றிக்கொண்டேன். ஒன்பது நாள் ரிவர்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டியிருக்கிறேன் மச்சான். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, எங்கே நிறுத்தினால் முன்னாலேயே வெளியே வரலாம் என்று யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். ஒரு முறை மருந்துக் கடை வாசலில் எனக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றுவிட்டது. லாரிக்காரன் சாப்பிட்டுவிட்டு வரும் வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து சீட் காலி. வசுமதி இருந்திருந்தால் இறங்கிப் போய் அந்த லாரிக்காரனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்திருப்பாள். அல்லது அவன் ஊர், அவன் பிள்ளைகள் எல்லாம் விசாரித்து நேரத்தைப் போக்கியிருப்பாள். எனக்கு ரெண்டும் வராது. ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்ப அதே மெக்கானிக்கிடம் போய், வீடியோவைக் காட்டி, என்ஜினை ஓட விட்டு, சூடு பார்த்து, குறைகிற எண்ணெயை ஊற்ற வைத்தேன். ரிவர்ஸ் வந்துவிட்டது. ஆனால் மூன்றாவது கியரில் உட்காருவது போகவில்லை.

அப்போதுதான் நிமாய் மண்டல் ஞாபகம் வந்தார். சாந்த்ராகாச்சியில் ரயில் பெட்டிகளுக்கு விளக்கும் விசிறியும் பார்த்த எலக்ட்ரிக் மிஸ்திரி. என்னைவிட ஒரு வயது பெரியவர். ரிட்டயர் ஆன பிறகு, யார்டுக்கு எதிரே இருக்கிற தன் வீட்டு வாசலிலேயே கார் வயரிங் வேலை செய்கிறார். போன மாதம் ஒரு காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். கிதிர்பூர் தாண்டும் முன்பே மஞ்சள் விளக்கு எரிந்துவிட்டது. ஹூக்ளிப் பாலம் முழுக்க மூன்றாவது கியரில்தான் ஊர்ந்தேன். எனக்குப் பின்னால் ஹௌரா ஜில்லாவே ஹாரன் அடித்தது.

நிமாய் கம்ப்யூட்டர் எதையும் சொருகவில்லை. முதலில் டீ வரவழைத்தார். பிறகு டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார். மழையில் நின்றதா? நின்றது. ஈரமான நாளில் அதிகமா? யோசித்துப் பார்த்தால், ஆமாம். என்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டால் சரியாகிவிடுகிறதா? கொஞ்ச நேரத்துக்குச் சரியாகிறது. "கியர்பாக்ஸ் பாலோ ஆச்சே ஸார்" என்றார், கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது என்று. வண்டியை மேட்டில் ஏற்றி அடியில் போய், கியர்பாக்ஸிலிருந்து வரும் வயர்களின் இணைப்பை உருவிக் கொண்டுவந்து காட்டினார். கோயில் செப்புக்குடம் மாதிரி பச்சை பிடித்துப்போய் இருந்தது. வெள்ளத்தில் தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கிவிட்டது. அது நனைந்திருக்கும்போது கியர்பாக்ஸுக்கும் அதன் மூளைக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோகிறது. மூளை பயந்துபோய், எதற்கு வம்பு என்று மூன்றாவது கியரிலேயே போட்டுப் பூட்டிவிடுகிறது. அணைத்துப் போட்டால் பயம் தெளிந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. ஐந்து மாதமாக என்னை ஆட்டி வைத்தது கட்டை விரல் அளவு ஒரு பிளக்.

பச்சையைச் சுரண்டிக்கொண்டே, "முதல் முதல்ல எப்ப ஸார் இப்படி நின்னுச்சு?" என்று கேட்டார். பாலத்தைச் சொன்னேன். "பௌதியும் கூட இருந்தாங்களா?" "இருந்தா." "அப்புறம் எப்படிக் கிளம்பிச்சு?"

அவருக்குச் சொன்னதைத் தங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தங்கள் தங்கை சொல்லியிருக்க மாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

பாலத்து ஏத்தத்துல வண்டி நின்னுடுச்சு மச்சான். ஆக்சிலேட்டரை மிதிச்சா என்ஜின் உறுமுது, வண்டி ஒரு அடி போகுது, பின்னால வழுக்குது. பின்னால மினிபஸ். கண்டக்டர் பாதி உடம்பை வெளில நீட்டிக்கிட்டு, "ஓ தாது, குமியே போட்லேன் நாகி?"ங்கிறான், தாத்தா தூங்கிட்டீங்களான்னு. பஸ் முழுக்கச் சிரிப்பு. எனக்கு வேர்த்து ஊத்துது. இவ பக்கத்துலேர்ந்து, "அணைச்சுட்டு ஒரு தடவை போட்டுப் பாருங்களேன்"னா. நான் திரும்பி, "நீ இறங்கினாலே வண்டி ஏறிடும்"னேன். சொல்லிட்டேன் மச்சான். அந்த பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி சொல்லிட்டேன்.

இவ பெல்ட்டைக் கழட்டினா. காலடியில இருந்த பையை எடுத்துக்கிட்டு, கதவைத் திறந்து, அந்தக் காலை வச்சு மெதுவா இறங்கி, கதவைச் சாத்தினா. ஓங்கிச் சாத்தியிருந்தாக்கூடப் பரவாயில்ல. சாத்திட்டு நடைபாதையில ஏறி நடக்க ஆரம்பிச்சுட்டா. நான் பதட்டத்துல சாவியைத் திருப்பி அணைச்சேன், திரும்பப் போட்டேன். வண்டி வெண்ணெய் மாதிரி கிளம்பிடுச்சு. அவ கண்ணெதிர்லயே ஏறிப் போயிடுச்சு. நடுவுல நிறுத்த முடியல, பின்னால பஸ். இறக்கத்துல போய் ஓரமா நிறுத்திட்டுக் காத்திருந்தேன். கண்ணாடியில பார்க்கறேன், பையை அந்தக் கையும் இந்தக் கையும் மாத்திக்கிட்டு, கைப்பிடிச் சுவரைப் புடிச்சு, நொண்டி நொண்டி வர்றா. பதினெட்டு நிமிஷம். நான் இறங்கிப் போய்ப் பையை வாங்கியிருக்கலாம். போகல. ஏன் போகலன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. கிட்ட வந்ததும் கதவைத் திறந்து விட்டேன். திறந்த கதவைச் சுத்தி நடந்து, தாராதலா சந்திப்புல போய் ஷேர் ஆட்டோவுல ஏறிட்டா. வீட்டுக்கு வந்து சாம்பார் வச்சா, பரிமாறினா. அதுக்கப்புறம் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல.

நிமாய் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, பிளக்கை ஊதினார். "ஸார், வண்டி ஏறினது நீங்க சாவியை அணைச்சுப் போட்டதால. பௌதி உட்கார்ந்திருந்தாலும் ஏறியிருக்கும்"னார். "பௌதி சொன்னதைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க" அப்படின்னும் சொன்னார். நான் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, யார்டைப் பார்க்கறேன்னு எழுந்து அந்தப் பக்கம் போயிட்டேன்.

புது பிளக், புது ரப்பர், மேலே தண்ணீர் போகாதபடி பசை. போட்டு இருபத்தி ஆறு நாள் ஆகிறது. சும்மா ஓட்டிப் பார்த்தால் போதாது, பாரத்தோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆகவே அவள் சீட்டில் அரிசி மூட்டைகளை ஏற்றினேன். எத்தனை கிலோ என்று எழுத மாட்டேன், ஒரு முறை எடையைப் பற்றிப் பேசிப் பட்டது போதும். கனம் தெரிந்ததும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கீச்கீச் என்று கத்தியது. மூட்டைக்குப் பெல்ட் போட்டேன். நாலு சனிக்கிழமை, அதே வழி, அதே பாலம். ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு. மாறுவதே தெரியவில்லை. முதல் சனிக்கிழமை ரோட்டைப் பார்த்துத்தான் ஓட்டினேன். ரெண்டாவது சனிக்கிழமை சிக்னலில், "இரு, இன்னும் பச்சை விழல"ன்னு மூட்டைகிட்டச் சொல்லிட்டேன். பக்கத்து டாக்சிக்காரன் பார்த்தான். மூணாவது சனிக்கிழமை பாலத்து உச்சியில, "பாத்தியா, ஏறிடுச்சு"ன்னேன். நாலாவது சனிக்கிழமை எதுவும் சொல்லல. சொல்ல வேண்டியதை அரிசிகிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? லேக் மார்க்கெட்ல கடைக்காரர், "அம்மா இன்னும் வரலையா சார்?"னு கேட்டு, நான் கேக்காமலே முருங்கைக்காயைக் கட்டிக் குடுத்துட்டார். நாலு வாரத்து முருங்கைக்காய் பிரிட்ஜ்ல கிடக்கு. ஒண்ணும் சமைக்கத் தெரியல. தூக்கிப் போடவும் மனசு வரல.

ஆகவே மச்சான் அவர்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால்: இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் அரை விநாடி தாமதம் இன்னும் இருப்பதாக எனக்கு ஒரு சந்தேகம். அது பற்றித் தங்கள் அபிப்பிராயம் தேவை. அதோடு, தாங்கள் ஒரு தொழில் தெரிந்தவர் என்ற முறையில், சமயம் பார்த்து வசுமதியிடம் அந்த பிளக் சமாச்சாரத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். வண்டி ஏறாததற்கும் ஒரு மனுஷியின் எடைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று தாங்கள் சொன்னால் அவள் நம்புவாள். நான் சொல்லச் சொன்னதாகத் தெரிய வேண்டாம். திரும்பி வரச் சொல்லி அவளை வற்புறுத்தவும் வேண்டாம். முழங்கால் தேறும் வரை நிதானமாக இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. சமையல் பழகிவிட்டது. வீடு அமைதியாக இருக்கிறது. படிக்க நேரம் கிடைக்கிறது.

அக்காவுக்கு என் நமஸ்காரம், கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்லவும். பேத்தி தீர்க்காயுசாக, தோடும் ஜிமிக்கியுமாக வளர என் ஆசீர்வாதம். வசுமதிக்கு என்று என்ன எழுதுவது என்று பத்து நிமிடமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு, என்றும் தங்கள் அன்பை நாடும்,
ச. வைத்தீஸ்வரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும் நேரம் மணி ஏழு ஆகி, வசுமதியின் போன் வந்தது. மாத்திரை, கேஸ் எல்லாம் முடிந்ததும், மனசு கேக்காம, பிளக்கைப் பத்தி நானே சொல்லிட்டேன். பச்சை பிடிச்சது, தண்ணி புகுந்தது, நிமாய் சுரண்டினது, ஒண்ணு விடாம. அவ குறுக்கே பேசாம முழுக்கக் கேட்டா. கேட்டுட்டு, "நான் காரை எப்பங்க குத்தம் சொன்னேன்?"னா. நான் பதில் சொல்றதுக்குள்ள வச்சுட்டா.

மச்சான், மேலே எழுதின எதையும் நீங்க செய்ய வேண்டாம். கியர்ல எந்தத் தாமதமும் இல்ல, அது நான் சும்மா எழுதினது. சமையலும் பழகல. இந்தக் கடிதத்தைத் தபால்ல போடறதாகவும் இல்ல. வியாழக்கிழமை ஹௌராவிலேர்ந்து கிளம்பற திருச்சி வண்டியில ஆர்ஏசி கிடைச்சிருக்கு. கார் சாவியை மிஸஸ் பாதுரிகிட்டக் குடுத்துட்டேன். சனிக்கிழமை காலையில இதை நானே கொண்டுவந்து உங்க கையில குடுப்பேன். நீங்க இந்த வரியைப் படிக்கிறப்ப நான் உங்க எதிர் நாற்காலியிலதான் உட்கார்ந்திருப்பேன். நிமிர்ந்து பார்க்காதீங்க. அவ காப்பி போட உள்ள போயிருப்பா. அவ வெளியில வந்ததும் நீங்களும் அக்காவும் கொஞ்சம் மாடிக்குப் போயிடுங்க.